ஹோர்முஸ் நீரிணை: மூடுவார்களா என்று கேட்பதற்கு முன், 1984–88ல் ஏன் மூடவில்லை?

கரையாளன் | 5 ஜூலை 2025, காலை 9:40

போன மாதம் ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் பன்னிரண்டு நாள் சண்டை நடந்தபோது இங்கே ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது: பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணையை ஈரான் மூடுமா? ஜூன் 22 அன்று அவர்கள் நாடாளுமன்றம் மூடலாம் என்று வாக்களித்ததும் டிவிக்காரர்கள் பட்டிமன்றமே வைத்துவிட்டார்கள். மறுநாள் கத்தாரில் இருக்கும் அமெரிக்காவின் அல் உதெய்த் தளத்தின்மேல் ஈரான் ஏவுகணை விட்டது. அன்றைக்குக் கச்சா எண்ணெய் விலை 7 சதவீதம் போல விழுந்தது. ஆமாம், ஏறவில்லை, விழுந்தது. வியாபாரிகள் ஏவுகணை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார்கள். படைத்தளத்துக்குப் போனது, கப்பலுக்குப் போகவில்லை. அவ்வளவுதான், விற்றுத் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு இதில் பழைய கதை ஒன்று தெரிகிறது. ஈரான்–இராக் போரில் 1984 முதல் 1988 வரை நடந்த "டேங்கர் போர்". இரண்டு பக்கமும் சேர்ந்து 400க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைத் தாக்கினார்கள். மாலுமிகள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஆனாலும் நீரிணை ஒரு நாள்கூட மூடவில்லை. விலையைப் பாருங்கள்: சண்டை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த 1986ல் கச்சா எண்ணெய் பீப்பாய் 10 டாலர் பக்கம் வந்து நின்றது!

இதைத் தொடங்கியது இராக். அதன் எண்ணெய் கடல் வழியாகப் போகவே இல்லை. போர் தொடங்கிய சில நாட்களிலேயே தெற்கு முனையங்கள் போய்விட்டன. 1982ல் சிரியா தன் பனியாஸ் துறைமுகத்துக்கு வந்த இராக் குழாயை அடைத்தது. மிச்சம் இருந்தது துருக்கி போகும் கிர்குக்–ஜெய்ஹான் குழாய் மட்டும்தான். தனக்குக் கடலில் இழக்க ஒன்றும் இல்லை, எதிரிக்கோ எல்லாமே கடலில்தான். பிரான்சிடம் ஐந்து சூப்பர் எத்தாந்தார் விமானங்களை வாடகைக்கு வாங்கி, எக்சோசே ஏவுகணையை மாட்டி, ஈரான் எண்ணெய் ஏற்றும் கார்க் தீவுக்கு வரும் கப்பல்களை அடிக்க ஆரம்பித்தார்கள்.

ஈரான் என்ன செய்ய முடியும்? திருப்பி அடிக்க இராக் கப்பல் இல்லை. அதனால் இராக்குக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த குவைத், சவூதி ஆகியவற்றின் கப்பல்களை அடித்தது. நீரிணையை மூடினால் முதலில் பட்டினி கிடப்பது தான்தான் என்று தெஹ்ரானுக்கு நன்றாகத் தெரியும். கார்க்கில் இருந்து கிளம்பும் எண்ணெயும் அதே வாசல் வழியாகத்தானே போக வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த நாலு வருடத்தில் உலகத்தின் எண்ணெயைக் காப்பாற்றியது அமெரிக்கப் போர்க்கப்பல்கள் என்று ஒரு கதை ஓடுகிறது. எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. சவூதியிடம் இருந்த உபரி உற்பத்தியும், 1981ல் அவர்கள் செங்கடலுக்குப் போட்டு வைத்த குழாயும், வாங்குபவர்களிடம் இருந்த மாற்று வழியும்தான் பெரிய வேலையைச் செய்தன. கப்பல் படை வந்தது 1987ல், கடைசி ஓட்டத்துக்கு.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாங்க.

---

புதூரான் | 5 ஜூலை, காலை 10:05

இவ்வளவு படித்ததும் ஒரு டீ குடிக்கப் போய்விட்டேன். 1986ல் விலை விழுந்ததற்குக் காரணம் சவூதி வேண்டுமென்றே எண்ணெயை ஊற்றியது. போருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் அண்ணே?

---

கரையாளன் | 5 ஜூலை, காலை 10:31

அதைத்தான் சொல்கிறேன் தம்பி. சந்தைப் பங்கு போய்விட்டதே என்று 1985 கடைசியில் சவூதி வால்வைத் திறந்தது. காரணம் போர் இல்லை. ஆனால் அப்படித் திறக்கக் கையில் அவ்வளவு உபரி இருந்தது என்பதுதான் விஷயம். உலகம் எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தபோது கார்க்கில் இரண்டு கப்பல் எரிந்தால் யாருக்குக் கவலை? ஈரானேகூடத் தன் எண்ணெய்க்குத் தள்ளுபடி கொடுத்துதான் விற்றது. ஏற்ற வரும் கப்பலின் காப்பீட்டுச் செலவைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. பிறகு கார்க்கில் இருந்து சிர்ரி தீவுக்கும், சிர்ரியை 1986ல் இராக் விமானம் அடித்ததும் இன்னும் கிழக்கே லாரக் தீவுக்கும், சொந்தக் கப்பல்களில் எண்ணெயை ஓட்டிக்கொண்டு போய் அங்கே மாற்றி ஏற்றினார்கள்.

லாரக்கில் மிதக்கும் கிட்டங்கி மாதிரி நின்ற கப்பல்களில் ஒன்று சீவைஸ் ஜெயன்ட். 458 மீட்டர் நீளம், மனிதன் கட்டியதிலேயே நீளமான கப்பல். 1988 மே மாதம் அதையும் இராக் அடித்துவிட்டது. எரிந்து கிடந்ததைத் தூக்கி, சிங்கப்பூரில் பழுது பார்த்து, பேரை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். கடைசியில் அதைப் பிரித்துப் போட்டது நம்ம குஜராத் அலங் கரையில்தான்.

---

ஒட்டகச்சிவிங்கி | 5 ஜூலை, மதியம் 12:18

உபரி, குழாய் எல்லாம் சரி. கண்ணிவெடியை மறந்துவிட்டீர்களே கரையாளன்.

1987ல் குவைத் தன் டேங்கர்களில் 11ஐ அமெரிக்கக் கொடிக்கு மாற்றியது. முதலில் சோவியத்திடமும் கேட்டிருந்தார்கள், அவர்கள் மூன்று கப்பலை வாடகைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். மாஸ்கோ வளைகுடாவில் கால் வைத்துவிடக் கூடாதே என்றுதான் வாஷிங்டன் அவசரமாகச் சரி என்றது. ஜூலையில் முதல் அணி கிளம்பியது. நடுவில் 4 லட்சம் டன் டேங்கர் பிரிட்ஜ்டன், சுற்றி அமெரிக்கப் போர்க்கப்பல்கள், உலகப் பத்திரிகைகள் எல்லாம் கூட. ஜூலை 24, ஃபார்சி தீவுக்குப் பக்கத்தில் டமார். பழைய மாதிரிக் கண்ணிவெடி ஒன்று.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பிரிட்ஜ்டன் மூழ்கவில்லை. சில தொட்டிகளில் தண்ணீர் ஏறியது, அவ்வளவுதான், மெதுவாகக் குவைத்தைப் பார்த்து ஊர்ந்தது. காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் அதன் பின்னால் ஒரே வரிசையில் ஒளிந்துகொண்டு போயின! மெல்லிய தகடு போட்ட போர்க்கப்பல் கண்ணிவெடி பட்டால் பிளந்துவிடும், டேங்கர் தாங்கும். யார் யாருக்குக் காவல்?

கண்ணிவெடி வாரும் அமெரிக்கக் கப்பல் ஒன்றுகூட அப்போது அந்தப் பக்கத்தில் இல்லை. குவைத்காரர்களின் இழுவைப் படகுகளில் கம்பியைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். வல்லரசின் நிலைமை இது.

மூடுவது என்றால் சங்கிலி போட்டு மூடுவது இல்லை. இருபது வெடியைப் போட்டுவிட்டு இருநூறு போட்டேன் என்று சொன்னால் போதும்.

---

கரையாளன் | 5 ஜூலை, மதியம் 1:02

ஆனால் பிரிட்ஜ்டன் போய்ச் சேர்ந்தது. எண்ணெய் ஏற்றியது. அடுத்த அணியும் கிளம்பியது. கண்ணிவெடி தாமதப்படுத்துகிறது, செலவு வைக்கிறது. மூடுகிறதா?

செப்டம்பர் 21 ராத்திரி நடந்ததையும் சொல்லுங்கள். ஈரான் அஜ்ர் என்ற கப்பல் இருட்டில் வெடிகளைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தது. இரவுப் பார்வைக் கண்ணாடி போட்ட அமெரிக்க ஹெலிகாப்டர்கள் மேலே நின்று பார்த்து, சுட்டு, விடிந்ததும் கப்பலையே பிடித்தார்கள். தளத்தில் இன்னும் வெடிகள் வரிசையாக நின்றன, அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. "நாங்கள் போடவில்லை" என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று.

இன்னொரு விஷயம். வளைகுடா நாடுகள் வெளிப்படையாகத் தளம் கொடுக்கத் தயங்கின. அதனால் எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் பயன்படும் இரண்டு பெரிய பார்ஜ்களை வாடகைக்கு எடுத்து, மணல் மூட்டை அடுக்கி, ஹெலிகாப்டரும் விரைவுப் படகும் ஏற்றி, கடல் நடுவில் நங்கூரம் போட்டு அதையே தளமாக வைத்துக்கொண்டார்கள். ஹெர்குலிஸ், விம்பிரவுன் என்று பெயர். மொத்தப் போரிலும் எனக்குப் பிடித்த புத்திசாலித்தனம் அதுதான்.

---

போர்க்கலைப்பித்தன் | 5 ஜூலை, மாலை 4:47

எதற்கு இவ்வளவு இழுவை? 1988 ஏப்ரல் 14 அமெரிக்கப் போர்க்கப்பல் சாமுவேல் ராபர்ட்ஸ் கண்ணிவெடியில் மாட்டியது. நாலே நாளில், ஏப்ரல் 18, அமெரிக்காவின் பதிலடி, ஆபரேஷன் பிரேயிங் மேன்டிஸ். சஸ்ஸான், சிர்ரி எண்ணெய் மேடைகள் காலி, ஈரான் போர்க்கப்பல் சஹந்த் மூழ்கியது, ஜோஷன் மூழ்கியது, சபலான் நொண்டியது. ஒரே நாள்! ஈரான் கடற்படையே முடிந்தது. இன்றைக்கு மூடினாலும் ஒரே வாரம்தான். குழாய், உபரி எல்லாம் பொருளாதாரப் பாடம்.

---

ஒட்டகச்சிவிங்கி | 5 ஜூலை, மாலை 5:20

பித்தன் சார், அந்த ஒரு நாளுக்கு அப்புறமும் நாலு மாதம் போர் ஓடியது. ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என்று நினைத்துச் சுட்டது. 290 பேர், அதில் 66 குழந்தைகள். சின்னப் படகுகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த பரபரப்பில் நடந்தது அது. குறுகலான கடலில் பெரிய கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினால் இப்படியும் ஆகும்.

அமெரிக்கப் போர்க்கப்பல் ஸ்டார்க்கைச் சொல்லவே இல்லையே. 1987 மே 17, 37 மாலுமிகள் செத்தார்கள். அடித்தது ஈரான் இல்லை. அப்போது அமெரிக்கா சாய்ந்துகொண்டிருந்த அதே இராக்கின் மிராஜ் விமானம், இரண்டு எக்சோசே.

"மூழ்கிய" கடற்படைக்குப் பதிலாக ஈரானின் புரட்சிக் காவல்படை எதைக் கட்டியது? சிறு படகு, கரையோர ஏவுகணை, டிரோன். மூழ்கடிக்க சஹந்த் மாதிரி ஒரு பெரிய குறியே இல்லாமல் செய்துவிட்டார்கள். பிரேயிங் மேன்டிஸில் அதிகம் பாடம் படித்தது தோற்றவன்தான்.

---

போர்க்கலைப்பித்தன் | 5 ஜூலை, மாலை 5:33

அதே படகுகள் ஜூன் மாதம் எங்கே போயிருந்தன? ஒன்றுகூட வெளியே வரவில்லையே. பயம்.

---

மட்டுறுத்துநர் | 5 ஜூலை, மாலை 6:10

பித்தன், சிவிங்கி, இரண்டு பேரும் தனிமடலில் போட்ட வாழ்த்துகள் எங்களுக்கும் வந்து சேர்ந்தன. இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

---

நங்கூரன் | 6 ஜூலை, காலை 7:15

எல்லாரும் மேப்பைப் பாத்துப் பேசுறீங்க. நான் அந்த வழியா டேங்கர்ல போறவன், தூத்துக்குடிக்காரன். கொஞ்சம் கீழ இருந்து சொல்றேன்.

முதல்ல ஒரு சந்தேகம் தீரட்டும். நீரிணை முப்பது கிலோமீட்டருக்கு மேல அகலம்தான், ஆனா நாங்க போற பாதை அவ்வளவு இல்ல. உள்ள போக ரெண்டு மைல், வெளிய வர ரெண்டு மைல், நடுவுல ரெண்டு மைல் இடைவெளி. அது ஓமான் பக்கம், முசந்தம் மூக்குக்கு மேல வளைஞ்சு போகும். வலது பக்கம் ஒதுங்குற விதிப்படி உள்ள போறவன் வடக்குப் பாதை, அதாவது ஈரானுக்குக் கிட்ட. வெளிய வர்றவன் தெற்கு. எண்ணெய் நிறைஞ்சு வர்ற கப்பல் ஓமான் பக்கம், காலியா போறது ஈரான் பக்கம். 2019 ஜூலைல ஈரான்காரங்க ஸ்டெனா இம்பெரோவ பிடிச்சாங்களே, அது ஜுபைலுக்குக் காலியா உள்ள போன கப்பல். 23 பேர்ல 18 பேர் நம்ம இந்தியப் பசங்க. செப்டம்பர் கடைசிலதான் கப்பல விட்டாங்க.

நீரிணை தாண்டிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. அதுக்கப்புறம் தும்ப் தீவுகளச் சுத்தி இன்னொரு பாதை இருக்கு, வடக்குப் பாதை பெரிய தும்புக்கும் ஈரான் கரைக்கும் நடுவுல. 1971 நவம்பர்ல பிரிட்டிஷ்காரன் மூட்டை கட்டுற நேரம் பாத்து ஈரான் மன்னர் ஷா பிடிச்ச தீவு அது, அபு மூசாவும்தான். ஷா போயிட்டார், தீவு அங்கேயேதான் இருக்கு. அடைக்கணும்னு நினைச்சா நீரிணையில அடைக்க வேண்டியதே இல்ல.

நெருக்கடி நேரத்துல எப்படின்னா, நீரிணைக்கு வெளிய எமிரேட்ஸோட ஃபுஜைரால நங்கூரத்துல கிடந்து கம்பெனி மெயிலுக்குக் காத்திருப்போம். கிளம்பச் சொன்னதும் லுக் அவுட் ஆள் கூட்டுவாங்க, ஃபயர் ஹோஸ எல்லாம் ரெண்டு பக்கமும் கட்டித் தண்ணிய ஓட விடுவோம், அக்கமடேஷன் கதவ உள்ள இருந்து பூட்டுவோம், பின்பக்கம் முள்கம்பி. விஎச்எஃப் ரேடியோ 16வது சேனல்ல ஈரான் நேவி கூப்பிடுவான்: என்ன கொடி, கடைசித் துறைமுகம் எது, அடுத்தது எது. மரியாதையாத்தான் கேப்பான். கேப்டனும் மரியாதையாப் பதில் சொல்வார். பக்கத்துலயே அமெரிக்கன் நிப்பான், அவனும் அதையே கேப்பான்.

இதுல பெரிய தலைவலி சின்னப் படகுதான். ஓமானோட கசப்ல இருந்து ஈரானுக்குக் கடத்தல் படகு கூட்டம் கூட்டமா ஓடும். வரும்போது ஆடு, போகும்போது சிகரெட். தூரத்துல இருந்து பாத்தா அதுவும் வேகமா வருது, காவல்படைப் படகும் வேகமா வருது. பைனாகுலர்ல சிகரெட் பெட்டி தெரிஞ்சாத்தான் பிரிட்ஜ்ல மூச்சு வரும். நிறைஞ்ச விஎல்சிசி, அதாவது ராட்சத டேங்கர், நினைச்ச இடத்துல நிக்காது, நிறுத்த மைல் கணக்குல வேணும். திருப்பி ஓடவும் முடியாது.

போன மாசம் ஜிபிஎஸ் குழம்பினதுதான் புதுசு. நாங்க கடல்ல இருக்கோம், திரையில பாத்தா கப்பல் தரையில ஏறி நிக்குது. சுத்தி இருக்குற எல்லாக் கப்பலும் ஒரே இடத்துல வட்டம் போடுது. கேடட் பசங்க திணறிட்டாங்க. ரேடார்ல குவாய்ன் தீவ எடுத்து, தூரமும் திசையும் குறிச்சு, பழைய மாதிரி சார்ட்ல பென்சில் போட்டுப் போனோம். ஜூன் 17 அன்னிக்கு ஓமான் வளைகுடாவுல ஃப்ரன்ட் ஈகிள், அடலின்னு ரெண்டு டேங்கர் மோதித் தீப்பிடிச்சதே, அதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், எமிரேட்ஸ்காரங்க கப்பலோட்டுனதுல தப்புன்னாங்க. ஆனா அந்த வாரம் அங்க ஓட்டினவன் யாரும் அதக் கேட்டு ஆச்சரியப்படல.

---

புதூரான் | 6 ஜூலை, காலை 8:02

அண்ணே, போகமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா?

---

நங்கூரன் | 6 ஜூலை, காலை 8:40

தொழிற்சங்கமும் கப்பல் முதலாளிகளும் சேந்து போர்ப் பகுதின்னு அறிவிச்சா உண்டு. இறக்கி ஊருக்கு அனுப்பணும், செலவு அவங்களோடது. போறவனுக்கு அந்த நாட்களுக்கு பேசிக் சம்பளத்துக்குச் சமமா போனஸ். அறிவிக்காத வரைக்கும் கேப்டன் முகத்தப் பாக்கணும். எழுத்துல இருக்குறது உரிமை. அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்குமாங்குறது வேற. வீட்டுல லோன் ஓடுறவன் கையெழுத்துப் போட்டுட்டுப் போவான்.

---

வட்டிக்கணக்கு | 6 ஜூலை, காலை 11:26

"காப்பீட்டுக்காரனே நீரிணையை மூடிவிடுவான்" என்று வேறு இழைகளில் அடிக்கடி படிக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

போர் ஆபத்துப் பிரீமியத்தைக் கப்பலின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று, வழக்கமாக ஏழு நாளுக்குச் சொல்வார்கள். ஜூனில் 0.2ல் இருந்து 0.5 சதவீதம் வரை பேசப்பட்டது. 10 கோடி டாலர் மதிப்புள்ள பெரிய டேங்கர் என்று வைத்துக்கொள்வோம். 0.2 சதவீதம் என்றால் 2 லட்சம் டாலர். ஏற்றுவது 20 லட்சம் பீப்பாய். பீப்பாய்க்கு 10 சென்ட்! 0.5 என்றாலும் 25 சென்ட். பீப்பாய் 70 டாலர் விற்கும்போது இது பெட்டிக்கடைச் சில்லறை. சரக்குக்குத் தனிக் காப்பீடு, ஏறிய வாடகை எல்லாம் சேர்த்தாலும் ஒன்றிரண்டு டாலரைத் தாண்ட ரொம்ப மெனக்கெட வேண்டும்.

ஆகவே காப்பீடு விலையை ஏற்றும், வழியை அடைக்காது. அடைப்பது எப்போது? எந்த விலைக்கும் காப்பீடு கிடைக்காதபோது, அல்லது நங்கூரன் மாதிரி ஆட்கள் "நான் வரவில்லை" என்று சொல்லும்போது. முதலாவதற்கு அரசாங்கங்கள் தாங்களே காப்பீடு கொடுத்து வழி கண்டுபிடிக்கும், பழைய போர்களில் செய்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு வழி கண்டுபிடிப்பது கஷ்டம்.

---

செம்மண் | 6 ஜூலை, மதியம் 2:15

குழாய் பற்றி யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? எல்லாரும் "மாற்று வழி" என்கிறீர்கள், எவ்வளவு எண்ணெய் அதில் போகும்?

---

பம்ப்ஹவுஸ் | 6 ஜூலை, இரவு 9:50

சவூதியில் இந்தத் துறையில் இருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். வெளியில் எல்லாருக்கும் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கிழக்கில் அப்கைக்கில் இருந்து மேற்கில் செங்கடல் துறைமுகமான யான்பு வரை சுமார் 1,200 கிலோமீட்டர் குழாய். ஈரான்–இராக் போர் தொடங்கிய மறுவருடமே ஓட ஆரம்பித்தது. இப்போது ஒரு நாளைக்கு 50 லட்சம் பீப்பாய், தேவைப்பட்டால் 70 லட்சம் வரை தள்ளலாம். எமிரேட்ஸ் 2012ல் ஹப்ஷானில் இருந்து ஃபுஜைராவுக்கு 15 லட்சம் பீப்பாய்க் குழாய் போட்டது. இராக்குக்கும் சவூதி வழியாகச் செங்கடலுக்கு ஒரு குழாய் இருந்தது. 1990 ஆகஸ்டில் சதாம் குவைத்துக்குள் போனதும் சவூதி மூடியது, அப்புறம் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. கிர்குக்–ஜெய்ஹான் 2023 மார்ச்சில் வழக்கில் மாட்டி நின்றுபோனது. குவைத், கத்தார், பஹ்ரைனுக்கு எந்த மாற்றும் இல்லை.

ஆனால் 50, 70 என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தக் குழாயில் ஏற்கெனவே எண்ணெய் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நெருக்கடியில் கூடுதலாகத் தள்ள முடிவது சவூதி, எமிரேட்ஸ் இரண்டும் சேர்த்து சுமார் 26 லட்சம் பீப்பாய் என்று அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் கணக்குச் சொல்கிறது. ஹோர்முஸ் வழியாகப் போவது நாளுக்கு 2 கோடி. கழித்துப் பாருங்கள்.

யான்புவில் எண்ணெய் வந்துவிட்டால் ஆசியாவுக்குப் போகச் செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெப் தாண்ட வேண்டும். 2023 நவம்பரில் இருந்து ஏமனின் ஹூதிகள் அங்கே கப்பல்களை எப்படி அடித்தார்கள் என்று தெரியும். ஒரு வாசலைத் தவிர்த்து இன்னொரு வாசலில் போய் நிற்கிறோம்.

குழாயையும் அடிக்கலாம். 2019 மே 14 அன்று இதே கிழக்கு–மேற்குக் குழாயின் இரண்டு பம்ப் ஸ்டேஷன்களை, தவாத்மி, அஃபீஃப் பக்கம், டிரோன் அடித்தது. ஒரு ஸ்டேஷனில் தீ, சில நாள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். குழாயைச் சரி செய்வது பெரிய விஷயமே இல்லை, துண்டு வெட்டி வெல்டிங் போட்டால் முடிந்தது. பம்ப், டிரான்ஸ்பார்மர், கன்ட்ரோல் வால்வு இதெல்லாம் போனால்தான் கஷ்டம். ஆர்டர் கொடுத்து வர மாதக் கணக்கில் ஆகும்.

எல்லாவற்றுக்கும் மேல் அப்கைக். கிணற்றில் இருந்து வரும் எண்ணெயில் வாயு கலந்திருக்கும், ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அதை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. அந்த வாயுவைப் பிரித்து எடுத்து எண்ணெயை நிலைப்படுத்தும் வேலை அங்கே நடக்கிறது. ஸ்பீராய்டு என்று உருண்டைத் தொட்டிகள், பக்கத்தில் உயர்ந்த கோபுரங்கள். 2019 செப்டம்பர் 14 விடியற்காலை 18 டிரோன் வந்தது. சாட்டிலைட் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வரிசையாக நிற்கும் உருண்டைகளில் ஏறக்குறைய அதே இடத்தில், அதே பக்கத்தில் ஓட்டை. ஆணி அடித்த மாதிரி. குரைஸ் எண்ணெய் வயலுக்கு ஏவுகணைகள். மொத்தம் 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி ஒரே காலையில் போயிற்று, சவூதியின் பாதி, உலகத்தின் 5 சதவீதம். ஒரு கப்பலைக்கூடத் தொடவில்லை. நீரிணை நல்லபடியாகத் திறந்துதான் கிடந்தது.

சுற்றி நின்ற பேட்ரியாட் வான்காப்பு எல்லாம் உயரத்தில் வரும் ஏவுகணைக்கு, வேறு திசையைப் பார்த்துக்கொண்டு. தாழப் பறந்து வந்ததை அவை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை சந்தை திறந்ததும் பிரென்ட் கச்சா எண்ணெய் விலை ஒரே நாளில் 15 சதவீதம் போல ஏறியது. மாதக் கடைசிக்குள் பழைய விலைக்கே வந்துவிட்டது. கையிருப்புத் தொட்டிகளில் இருந்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார்கள், ராத்திரி பகலாக வேலை நடந்தது. அந்த வாரங்களில் அங்கே தூங்கியவர்கள் குறைவு.

---

கரையாளன் | 7 ஜூலை, காலை 8:55

பம்ப்ஹவுஸ், இந்த இழையின் சிறந்த பதிவு இது. நன்றி.

நீங்கள் சொன்னது என் வாதத்துக்கு ஒரு பக்கம் பலம், இன்னொரு பக்கம் இடி. பலம் என்னவென்றால் 57 லட்சம் பீப்பாய் போயும் உலகம் தாங்கியது. தாங்கியது கையிருப்பினால், கடற்படையினால் இல்லை. இடி என்னவென்றால் 1980களில் உபரியில் பெரும்பகுதி சவூதியிடமும் அதன் வளைகுடா அண்டை நாடுகளிடமும் இருந்தது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, அதாவது வாசலுக்கு உள்ளே. வாசலே அடைபட்டால் உள்ளே இருக்கும் உபரி யாருக்கு உதவும்? 1986ல் ஈரானும் இராக்கும் ஒருவரை ஒருவர் அடித்தார்கள். சவூதியின் உபரி வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆனாலும் பித்தன் சொல்லும் "ஒரே வாரம்" எனக்கு ஏற்பில்லை. 1991ல் குவைத் கடலில் இராக் ஆயிரத்துக்கும் மேல் வெடி போட்டது. பிப்ரவரி 18 ஒரே நாளில் டிரிப்போலி, பிரின்ஸ்டன் என்று இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் மாட்டின. போர் முடிந்து, எதிரி தோற்று, வரைபடம் கையில் கிடைத்த பிறகும் வாரி முடிக்க மாதக் கணக்கில் ஆனது. யாரும் சுடாத கடலில் அவ்வளவு நேரம் என்றால், சுடுகிற கரைக்குப் பக்கத்தில்?

---

போர்க்கலைப்பித்தன் | 7 ஜூலை, காலை 10:12

1991 தொழில்நுட்பம் வேறு, இன்றைக்கு ஆளில்லாப் படகு வாருகிறது. அதோடு ஈரானுக்கு வாங்குபவன் சீனா. ஹோர்முஸ் வழியாகப் போகும் கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் ஆசியாவுக்கு. சீனாவின் கழுத்தை நெரித்துவிட்டு ஈரான் யாரிடம் விற்கும்? அதனால் மூடமாட்டான். என் கணக்கு எளிது.

---

ஒட்டகச்சிவிங்கி | 7 ஜூலை, காலை 10:40

இந்த முறை பித்தனோடு ஒத்துப்போகிறேன், காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு திருத்தம். கணக்கு எளிதாக இருப்பது ஆட்சியில் இருப்பவனுக்கு நாளைக்கும் ஆட்சி இருக்கும் என்ற நம்பிக்கை உள்ளவரைதான். 1988 கோடையில் "நஞ்சுக் கோப்பை" என்று சொல்லி ஈரான் தலைவர் கொமேனி போர் நிறுத்தத்தை ஏற்றார், ஏனென்றால் ஏற்றால் குடியரசு பிழைக்கும். ஏற்றாலும் பிழைக்காது என்று தோன்றுபவனுக்கு கார்க் எண்ணெய் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன?

---

செம்மண் | 7 ஜூலை, மதியம் 3:30

ஈரானும் நீரிணைக்கு வெளியே ஜாஸ்க்கில் ஒரு துறைமுகம் கட்டியதே? அது வேலை செய்தால் அவர்களுக்கு மூடுவதில் நஷ்டமே இல்லையே?

---

பம்ப்ஹவுஸ் | 7 ஜூலை, இரவு 10:05

கோரே–ஜாஸ்க் குழாய். 1,000 கிலோமீட்டர், 2021 ஜூலையில் திறந்தார்கள், திட்டம் 10 லட்சம் பீப்பாய். திட்டம் அங்கே, நடப்பது வேறு. பெரிய அளவில் ஏற்றுமதி ஆகவே இல்லை. இன்றும் ஈரான் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் கார்க்கில் இருந்துதான் போகிறது. பொருளாதாரத் தடையில் பம்ப்பும் தொட்டியும் வாங்குவது லேசு இல்லை. அதை முடித்திருந்தால் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

---

அடுப்பங்கரை | 8 ஜூலை, காலை 6:50

நான் ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்பவள். எல்லாரும் கச்சா எண்ணெய் பற்றியே பேசுகிறீர்கள். கேஸ் சிலிண்டர்? அதுவும் அந்தப் பக்கமிருந்துதானே வருகிறது?

---

வட்டிக்கணக்கு | 8 ஜூலை, காலை 9:18

அம்மா, இந்த இழையில் யாரும் கேட்காத நல்ல கேள்வி.

கச்சா எண்ணெய்க்கு நம்மிடம் கொஞ்சமாவது கையிருப்பு உண்டு. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் பாறைக் குகைகளில் 53 லட்சம் டன் கொள்ளளவு, முழுக்க நிரப்பினால் ஒன்பது பத்து நாள் தேவைக்கு. கம்பெனிகளிடம் இருப்பது தனி. ரஷ்யா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று வேறு கடைகளும் உண்டு.

எல்பிஜி, அதாவது சிலிண்டர் கேஸ், அப்படி இல்லை. வருடத்துக்கு சுமார் 3 கோடி டன் எரிக்கிறோம், அதில் பாதிக்கு மேல் இறக்குமதி, இறக்குமதியில் பெரும்பகுதி வளைகுடா. சவூதியின் ராஸ் தனூராவில் இருந்தோ எமிரேட்ஸின் ருவைஸில் இருந்தோ ஏற்றி ஹோர்முஸ் வழியாகத்தான் வர வேண்டும். கச்சா எண்ணெய் போகும் யான்பு குழாயில் எல்பிஜியைத் திருப்பிவிட முடியாது. விசாகப்பட்டினத்தில் எல்பிஜிக்குப் பாறைக் குகை ஒன்று இருக்கிறது, கொள்ளளவு 60,000 டன். நாட்டின் ஒரு நாள் செலவே அதைவிட அதிகம்.

குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவான எல்என்ஜியும் அதே கதை. கத்தாரில் இருந்து வருவதற்கு மாற்று வழியே கிடையாது, உலக எல்என்ஜியில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு வாசலில் போகிறது. நம்ம நாட்டு பெட்ரோநெட் கம்பெனி 2024ல் கத்தாரோடு வருடம் 75 லட்சம் டன் ஒப்பந்தத்தை 2048 வரை நீட்டித்தது. விலை நல்ல விலை, பாதை அதே பாதை.

கரையாளன் சொன்ன டேங்கர் போர்க் காலத்தில் இந்த கேஸ் வியாபாரமே இந்த அளவில் இல்லை. கத்தாரின் முதல் எல்என்ஜி கப்பல் கிளம்பியது 1990களின் இரண்டாம் பாதியில். அதனால் 1988ன் பாடத்தை எண்ணெய்க்கு வைத்துக்கொள்ளலாம், கேஸுக்கு அது செல்லாது.

---

அடுப்பங்கரை | 8 ஜூலை, காலை 9:44

நன்றி தம்பி. அப்போது வேறு எங்கிருந்தாவது வாங்கினால் எத்தனை நாளில் வந்து சேரும்?

---

நங்கூரன் | 8 ஜூலை, மதியம் 12:30

நான் சொல்றேன்க்கா. வளைகுடாவுல ஏத்தினா மங்களூருக்கு நாலஞ்சு நாள். அமெரிக்காவுல ஹூஸ்டன் பக்கம் ஏத்தினா, செங்கடல் சரியில்லாம ஆப்பிரிக்காவச் சுத்தி வந்தா, ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுவும் காலிக் கப்பல் கிடைச்சு, அங்க போய்ச் சேந்து, துறைமுகத்துல இடம் கிடைச்ச பிறகு.